தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தமிழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அங்கே வருகைப் பதிவு எடுப்பதும், நாற்காலி அடுக்குவதும், தேநீர் போடுவதும் என் வேலை. உள்ளே பிள்ளைகள் உயிரெழுத்து சொல்லிக்கொண்டிருக்க, வெளியே பெற்றோர் காத்திருப்பார்கள். அப்போது வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வழக்கறிஞன் இல்லை. சட்டத்தை எடுத்துவைத்துப் படித்தவன், அவ்வளவுதான்.

தமிழ் இங்கே ஆட்சிமொழியா?

இல்லை. ஆட்சிமொழிகள் 12. செபெடி, செசோத்தோ, செட்ஸ்வானா, சிஸ்வாட்டி, ட்ஷிவெண்டா, ஷிட்சோங்கா, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம், இசிந்தெபெலே, இசிகோசா, ஜூலு ஆகிய பதினொன்றும் 1996 அரசியலமைப்பிலேயே இருந்தன. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலையில் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது.

ஆனால் அரசியலமைப்பில் தமிழ் என்று எழுதியிருக்கிறது என்கிறார்களே?

எழுதியிருக்கிறது. இதைச் சொல்லும்போது எல்லார் முகமும் மலரும், எனக்கும்தான். ஆனால் அந்த வரியை மெதுவாகப் படிக்க வேண்டும்.

6ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியம் என்று ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. பான்சால்ப் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். அந்த வாரியத்துக்கு இரண்டு வகை வேலை. முதல் வகையில் ஆட்சிமொழிகளும், இந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய கோய், நாமா, சான் மொழிகளும் வருகின்றன. இவற்றை வாரியம் ஊக்குவிக்க வேண்டும், இவற்றின் வளர்ச்சிக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ற சூழலை உண்டாக்க வேண்டும். இரண்டாம் வகையில், நாட்டின் சமூகங்கள் பொதுவாகப் பேசும் மொழிகள்: ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தமிழ், தெலுங்கு, உருது. இவற்றை ஊக்குவித்து, இவற்றுக்கு மதிப்பு கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். அதே வகையில் இன்னொரு வரியில், சமயத்துக்காகப் பயன்படும் மொழிகளாக அரபு, ஹீப்ரு, சமஸ்கிருதம் முதலியவை வருகின்றன.

வினைச்சொற்களைக் கவனித்தீர்களா? 'ஊக்குவி' என்பது இரண்டு வகைக்கும் பொது. 'வளர்ச்சி', 'பயன்பாடு' இரண்டும் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. நமக்கு வந்தது 'மதிப்பு'. வீட்டுக்கு வந்த விருந்தாளியை மதிப்போம், நாற்காலி போட்டு உட்காரவைப்போம். அதற்காகச் சமையலறைச் சாவியைக் கொடுத்துவிடுவோமா?

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடமை வாரியத்தின் தலையில் இருக்கிறது. கல்வித் துறைக்கோ நகராட்சிக்கோ அந்த வரி எதையும் நேராகச் சொல்லவில்லை. 'தமிழருக்கு இன்ன உரிமை உண்டு' என்றும் அதில் இல்லை. இத்தனை வருடம் இதைப் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: தமிழின் பெயர் இருக்கும் பிரிவு நமக்குக் கொஞ்சம்தான் உதவும். தமிழ் என்ற சொல்லே இல்லாத பிரிவுகள்தான் நிறைய உதவும். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

'மதிப்பு' என்பதற்கு நடைமுறையில் ஒன்றுமே இல்லையா?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளியிடமோ அலுவலகத்திடமோ கடிதம் எழுதும்போது அந்த உட்பிரிவை முதல் பத்தியில் போடுங்கள். 'இது ஏதோ வெளிநாட்டு மொழி' என்ற பேச்சு அங்கேயே அடங்கிவிடும். அந்த அளவுக்கு அது நல்ல சாட்சி.

இந்த நாடு மதிப்புக் காட்டும் விதம் கொஞ்சம் விசித்திரமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று வெளியிட்ட அரசு முத்திரையில் உள்ள வாசகம் காம் என்ற சான் மொழியில் இருக்கிறது. அதைத் தாய்மொழியாகப் பேச இன்று ஒருவரும் இல்லை. பேச ஆள் இருந்த காலத்தில் அந்த மொழிக்கு ஓர் அலுவலகத்தில் ஒரு படிவம்கூட கிடைத்திருக்காது.

தமிழை எப்போது, யார் தடை செய்தார்கள்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் இளைஞர்களிடமிருந்து, கொஞ்சம் கோபத்தோடு வரும். தமிழ் பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டதில்லை. போட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, இப்படி வந்தார்கள். தமிழர்களில் பலர் வட ஆற்காட்டுப் பக்கத்தவர்கள். ஆட்சிமொழிகளோ 1910இல் ஆங்கிலமும் டச்சும், 1925 முதல் டச்சோடு அதிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸும். இந்தியப் பிள்ளைகளின் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழுக்குப் பள்ளி விட்டபிறகு கோயில் கூடத்தில் ஒரு மணி நேரம். அதை 'வெர்னாக் ஸ்கூல்' என்போம். ஆங்கிலப் பள்ளிக்கு அரசு காசு கொடுத்தது. வெர்னாக் ஸ்கூலுக்கு ஊர்தான் காசு போட்டது.

அப்புறம் 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்தது. எங்கள் குடும்பத்தில் தாத்தா, ஆயா, சித்தப்பாக்கள் எல்லாரும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இருந்தார்கள். அங்கிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் ஆளுக்கொரு சின்ன வீட்டில் வைத்தார்கள். சாட்ஸ்வொர்த்தின் ஒவ்வொரு பகுதியையும் யூனிட் என்போம். ஆயா ஒரு யூனிட்டில், பேரப்பிள்ளைகள் இன்னொரு யூனிட்டில், நடுவில் பஸ். ஆயாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால்தான் அதுவரை வீட்டில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்தில் மொழி பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் தமிழை நிறுத்தியது அதுதான்.

தமிழை ஆட்சிமொழி ஆக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். 6ஆம் பிரிவைத் திருத்த வேண்டும், அதற்கு மக்களவையின் 400 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும். சைகை மொழி அப்படித்தான் உள்ளே வந்தது. ஆனால் அதற்கு முன்பே அது முதல் வகையில், 'வளர்ச்சி, பயன்பாடு' வரிசையில் இருந்தது. பள்ளிச் சட்டமும் கற்பித்தலைப் பொறுத்தவரை அதை ஆட்சிமொழிக்குச் சமமாக வைத்திருந்தது. ஒவ்வொரு படியாக ஏறி வந்த மொழி அது.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2022 கணக்கெடுப்பில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் ஏறக்குறைய 17 லட்சம். அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். ஆட்சிமொழி வேண்டும் என்று கேட்கப் போகும் குழுவின் கூட்டக் குறிப்பே ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்த ஆற்றலைப் பக்கத்துப் பள்ளியில் வாரம் இரண்டு பாட நேரம் வாங்குவதில் போடலாம் என்பது என் கருத்து. இதற்காக என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மொரீஷியஸில் ரூபாய் நோட்டில்கூட தமிழ் இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை?

ராண்ட் நோட்டுகளில் ஆட்சிமொழிகளுக்குத்தான் இடம். மொரீஷியஸ் வரலாறு வேறு. 1998இல் அங்கே புது நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டதற்காகத் தமிழர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. நாம் இங்கே கோபப்படுவதென்றால் வேறு ஏதாவதற்குப் படலாம்.

பள்ளியில் தமிழ் சொல்லித் தரும்படி கேட்க எனக்கு உரிமை உண்டா?

அதிகம் கேட்கப்படுவதும் இதுதான், அதிகம் குழப்பிக்கொள்வதும் இதுதான்.

29ஆம் பிரிவு, அரசுக் கல்வி நிறுவனங்களில் ஒருவர் தாம் விரும்பும் *ஆட்சிமொழியில்* கல்வி பெறலாம், அது நியாயமாக நடைமுறைக்கு ஒத்துவரும் இடத்தில், என்கிறது. ஆட்சிமொழி என்ற சொல்லிலேயே நமக்குக் கதவு அடைபட்டுவிட்டது. 'நடைமுறைக்கு ஒத்துவரும்' என்ற சொற்களுக்காக ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு 2017, ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தோடு 2019, யுனிசா பல்கலைக்கழகத்தோடு 2021. முதல் இரண்டிலும் தோற்றார்கள், மூன்றாவதில் ஜெயித்தார்கள். நாடு முழுக்கப் பள்ளிகளும் பணமும் வழக்கறிஞர்களும் உள்ள மொழிக்கே அந்த நிலை.

ஆக, தமிழை *பயிற்று மொழியாக*க் கேட்க வழியில்லை. கேட்டவர்களையும் நான் பார்த்ததில்லை. தமிழை *ஒரு பாடமாக*க் கேட்பது வேறு. அதற்கு வழி 1996ஆம் ஆண்டு பள்ளிச் சட்டத்தில் இருக்கிறது. பள்ளியின் மொழிக் கொள்கையை முடிவு செய்வது பள்ளி நிர்வாகக் குழு, அதாவது எல்லாரும் எஸ்ஜிபி என்று சொல்வது. அரசு ஒதுக்கிய ஆசிரியர் இடங்களுக்கு மேல், பள்ளி தன் சொந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியரை வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. இவை இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு தமிழ் ஆசிரியர் உள்ளே வரலாம்.

அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? வாக்குரிமை உள்ள மற்ற உறுப்பினர்களை எல்லாம் கூட்டினால் வரும் எண்ணிக்கையைவிட ஒருவர் கூடுதலாகப் பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பான்மை பெற்றோருடையது! மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். தேர்தல் அன்று பள்ளி அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். தமிழ் வேண்டும் என்று என்னிடம் சொல்லும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, 'போன எஸ்ஜிபி தேர்தலுக்குப் போனீர்களா?' என்பதுதான். அப்போது தேநீரைக் குடித்துவிடுவார்கள்.

40 பேர் கையெழுத்துப் போட்டால் பள்ளி தமிழ் வைத்தே ஆகவேண்டும் என்கிறார்களே?

இந்த எண் எங்கிருந்து வந்தது என்றால், 1997இல் கல்வித் துறை வெளியிட்ட மொழிக் கொள்கை விதிமுறைகளிலிருந்து. ஒரு பள்ளியில் 1 முதல் 6 வரையிலான வகுப்புகளில் ஒரே வகுப்பு நிலையில் 40 பேர், 7 முதல் 12 வரை என்றால் 35 பேர், ஒரு மொழியில் பாடம் நடத்தும்படி கேட்டால் அது 'நியாயமாக நடைமுறைக்கு ஒத்துவரும்' என்று கொள்ள வேண்டும் என்கிறது அது. இது பயிற்று மொழிக்கான கணக்கு. பாடமாகத் தமிழ் வைப்பதற்கு இந்த எண் கட்டாயமும் இல்லை, போதுமானதும் இல்லை.

அதற்காகக் கையெழுத்து வாங்காமல் இருக்காதீர்கள். 40 பெயர் கொண்ட தாள் மேசைமேல் இருந்தால் தலைமையாசிரியர் குரல் மாறும்.

பெலா சட்டம் வந்துவிட்டதே, இனி எல்லாம் போச்சா?

அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தத்தைத்தான் பெலா என்கிறோம். 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எஸ்ஜிபி வகுத்த மொழிக் கொள்கையை இப்போது மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். ஆப்பிரிக்கான்ஸ் பள்ளிகளுக்கு இது பெரிய சண்டை. இதற்கு விதை போட்டது எர்மெலோ என்ற ஊரின் ஆப்பிரிக்கான்ஸ் பள்ளி பற்றிய வழக்கு. பள்ளியின் மொழிக் கொள்கை இன்றைய பெற்றோரின் விருப்பத்தோடு நின்றுவிடக் கூடாது, சுற்றியுள்ள சமூகத்தின் தேவையையும் பார்க்க வேண்டும் என்று 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

வாரம் இரண்டு தமிழ் வகுப்பு கேட்கும் நமக்கு இதனால் பெரிய நஷ்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கையெழுத்து கூடுதல், அவ்வளவுதான். கதவு இரண்டானால் தட்டவும் இரண்டு கதவு.

மெட்ரிக்கில் தமிழ் எழுதலாமா?

எழுதலாம். மெட்ரிக் என்பது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் தேர்வு. தேசியப் பாடத்திட்டப் பட்டியலில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருதுவோடு தமிழும் உண்டு. ஆனால் மெட்ரிக் சான்றிதழுக்கு இரண்டு ஆட்சிமொழிகள் கட்டாயம். தமிழ் அந்த இரண்டில் ஒன்றாக ஆகாது, விருப்பப் பாடமாகவோ, வேண்டிய ஏழுக்கு மேல் எட்டாவது பாடமாகவோதான் வரும். கணக்கு, அறிவியல், கணக்கியல் என்று நெருக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எட்டாவது பாடம் என்பது வீட்டில் ஒரு வாக்குவாதம். அதை நான் தீர்த்து வைக்க முடியாது.

சனிக்கிழமை வகுப்பு நடத்த அரசு அனுமதி வேண்டுமா?

வேண்டாம். 29ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில், சொந்தச் செலவில் தனியார் கல்வி நிறுவனம் தொடங்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இன பேதம் பார்க்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும், தரம் அரசுப் பள்ளிக்குக் குறையக் கூடாது. இது முழுநேரப் பள்ளிக்கு. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய 'ஆர்' வகுப்பு முதல் 12 வரை வகுப்பு நடத்துவதுதான் சட்டப்படி பள்ளி. வாரம் ஒருநாள் கோயில் கூடத்தில் நடக்கும் வகுப்புக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

30ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தாம் விரும்பிய மொழியைப் பயன்படுத்தலாம், விரும்பிய பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கலாம் என்கிறது. 31ஆம் பிரிவு இதையே ஒரு சமூகமாகச் சேர்ந்து செய்வதற்குக் காப்பு. பண்பாட்டு, சமய, மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் சக உறுப்பினர்களோடு கூடித் தங்கள் மொழியைப் பயன்படுத்தவும் சங்கம் வைக்கவும் செய்யலாம். ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமாக இருக்கும். இரண்டிலும் தமிழ் என்ற பெயர் இல்லை. ஆனால் எங்கள் வகுப்பு, கோயில் திருவிழா, ஆடி மாதக் கூழ், தைப்பூசக் காவடி எல்லாவற்றுக்கும் கூரை இந்த இரண்டு பிரிவுகள்தான்.

பண்பாட்டு உரிமை பற்றி ஒரு மூக்குத்தி வழக்கு இருந்ததாமே?

இருந்தது, அதுவும் நம் வீட்டு வழக்கு. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் படித்த தமிழ்ப் பெண். 2004இல் விடுமுறையில் மூக்கு குத்திக்கொண்டு வந்தாள். பள்ளியின் நகை விதிப்படி எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தாய் மறுத்தார். பெண் வயதுக்கு வந்ததும் மூக்குத்தி போடுவது தங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம் என்றும், 16 வயதில் பாட்டி வைர மூக்குத்தி மாற்றிப் போடுவார் என்றும் சொன்னார்.

சமத்துவ நீதிமன்றத்தில் தாய் தோற்றார். மேல் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றமும், தலைமை நீதிபதி பியஸ் லாங்காவின் தீர்ப்பில், பள்ளி பாகுபாடு காட்டியது என்று சொன்னது. அதற்குள் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். இருந்தும் மற்ற பள்ளிகளுக்குத் தெரியட்டும் என்று தீர்ப்பைச் சொன்னார்கள். அந்தக் குடும்பப் பெயரால் 'பிள்ளை வழக்கு' என்றால் சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. மூக்குத்தி போட்டே ஆகவேண்டும் என்று சமயத்தில் கட்டாயம் இல்லையே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கட்டாயம் இல்லாவிட்டாலும், ஒருவர் மனமொப்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். நம் பிள்ளைகளில் யாருக்கும் இன்று தமிழ் கட்டாயம் இல்லை. விரும்பித்தான் வருகிறார்கள். மொழிக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் எழுதத் தக்க வாதம்.

வேலை செய்யும் இடத்தில் தமிழ் பேசாதே என்கிறார்கள். என்ன செய்வது?

இது பெரும்பாலும் அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தம்பிகள் கேட்பது. வேலை விஷயம் என்றால் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். மொழியைக் காரணம் காட்டி நியாயமற்ற பாகுபாடு கூடாது என்று 6ஆம் பிரிவில் இருக்கிறது. பேசித் தீரவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்துக்குப் போகவேண்டும். 'வாடிக்கையாளர் முன்னால் எல்லாருக்கும் புரியும் மொழியில் பேசு' என்பது நியாயமான விதியாக இருக்கலாம். 'சாப்பாட்டு நேரத்தில்கூட உங்கள் பாஷை காதில் விழக் கூடாது' என்பதற்கு முதலாளி காரணம் சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

வேலைக்கு வெளியே, கடையிலோ வாடகை வீட்டிலோ நடந்தால் 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

போலீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி?

குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தமக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், அது முடியாவிட்டால் அந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். இது 35ஆம் பிரிவு. கைதானவருக்கு அவர் உரிமைகளைப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டாமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்பது வேறு, குற்றப்பத்திரிகை புரியும் என்பது வேறு.

மருத்துவத்தில் 2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டம், முடிந்த இடத்தில் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. 'முடிந்த இடத்தில்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேத்தியைக் கூட்டிப் போவதே நல்லது.

எங்கள் குடும்பப் பெயரை எழுத்துப்பிழையோடு பதிந்திருக்கிறார்கள். மாற்றலாமா?

கவுண்டர் என்ற பெயர் ஒரு குமாஸ்தா கையில் கோவெண்டர் ஆனது, இன்னொரு குமாஸ்தா கையில் கவுண்டன் ஆனது. முதலியார் மூட்லி ஆனார். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் சான்றிதழில் வேறு வேறு குடும்பம். சொத்து எழுதப் போனபோது ஓர் அலுவலகத்தில் அப்பாவை நாலு தடவை அலையவிட்டு, 'இவர் உங்கள் அண்ணன் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்றார்கள். இரண்டு பேர் மூக்கையும் பார்த்தாலே போதும் என்று அப்பா சொன்னது அங்கே எடுபடவில்லை.

சட்டப்படி பிழைதிருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. பதிவில் பிழை என்று காட்ட ஆவணம் இருந்தால் திருத்தம் கேட்கலாம். குடும்பப் பெயரையே மாற்ற, வயது வந்தவர் தக்க காரணம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பழைய தலைமுறையின் எழுத்தைத் திருத்தப் போனால் பாஸ்போர்ட், வங்கி, வீட்டுப் பத்திரம் என்று எல்லாம் தொடரும். நான் என்னுடையதை அப்படியே விட்டுவிட்டேன். வகுப்பில் மட்டும் கரும்பலகையில் சரியாக எழுதுவேன்.

புகார் எங்கே கொடுப்பது?

மொழி உரிமை மீறல் என்றால் பான்சால்ப் வாரியத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி. பண்பாடு, சமயம் கலந்த விஷயம் என்றால் பண்பாட்டு, சமய, மொழிச் சமூகங்களின் உரிமைகளுக்காக 185ஆம் பிரிவில் உருவான சிஆர்எல் ஆணையம். ஒரு சமூகத்துக்கெனப் பண்பாட்டு மன்றம் அமைக்கவோ அங்கீகரிக்கவோ பரிந்துரைப்பதும் இந்த ஆணையத்தின் வேலை. இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு இடத்திலும் வேகம் எதிர்பார்க்காதீர்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கே தமிழ் பேச வராது. நான் 'மொழிச் சமூகம்' என்று சொல்லிக்கொள்ளலாமா?

இதைக் கேட்ட அக்கா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். இங்கே 'நீங்கள் தமிழ்க்காரரா, இந்திக்காரரா?' என்று கேட்டால், எந்தக் கோயில், எந்தக் கல்யாண முறை என்றுதான் பொருள். பேசும் மொழியைக் கேட்பதில்லை. தமிழ் என்பது இங்கே முதலில் ஒரு வழக்கம், அப்புறம்தான் ஒரு மொழி. 31ஆம் பிரிவு 'பண்பாட்டு, சமய, அல்லது மொழிச் சமூகம்' என்கிறது. அந்த 'அல்லது' நமக்காகவே போட்டது போல இருக்கிறது. பேச்சுத் தேர்வு வைத்து உள்ளே விடும்படி சட்டத்தில் எங்கும் இல்லை.

எங்கள் காவடிப் பாட்டுப் புத்தகம் ஆங்கில எழுத்தில்தான் அச்சாகிறது. போன தைப்பூசத்துக்கு ஒரு பையன் அதைப் பார்த்து 'பஸ்ஹனி ஆண்டவனே' என்று உருகிப் பாடினான். பக்கத்தில் இருந்த ஆயா சிரிக்கவில்லை. 'பழனி கண்ணு, ழ, நாக்கை மடி' என்று அவன் தாடையைப் பிடித்துக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை அவன் வகுப்புக்கு வந்தான். ழ இன்னும் வரவில்லை.

எஸ்ஜிபி கூட்டத்துக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

தமிழ் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து. பாடம் எடுக்கப் போகிறவர் பெயர். அவர் சேஸ் என்ற ஆசிரியர் பேரவையில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், அந்த எண்ணையும் எழுதுங்கள். பதிவு இல்லாத ஆசிரியர் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி. எந்தப் பாட நேரம், எந்த அறை என்று ஒரு வரி. அரசியலமைப்பின் 6, 30, 31ஆம் பிரிவுகளை ஒரே தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் விஷயம் நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நான் போன ஒரு பள்ளியில் அது பதினோராவது, பள்ளித் தின்பண்டக் கடையான டக் ஷாப்பின் குத்தகைக்கு அடுத்தது. ஆறு மணிக் கூட்டத்தில் எங்கள் முறை வந்தபோது மணி ஒன்பதே கால். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.